ஒன்றரைப் பேருந்து

புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலையத்தின் வரலாறு, வந்து போனவர்களின் வரலாறு. 1989-இல் வாயுதூத் வந்தது, சில ஆண்டுகளில் போய்விட்டது. பிறகு ஒரு நீண்ட இடைவெளி. 2013 ஜனவரியில் புது முனையக் கட்டடம் திறந்தார்கள், ஸ்பைஸ்ஜெட் பெங்களூருவிலிருந்து வந்தது. அடுத்த ஆண்டே நின்றது. 2015-இல் அலையன்ஸ் ஏர் வந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் அதுவும் நின்றது. 2017 ஆகஸ்டில் மத்திய அரசின் உடான் திட்டத்தின் கீழ் ஸ்பைஸ்ஜெட் மறுபடி வந்தது, இந்த முறை ஹைதராபாத்திலிருந்து. அப்புறம் பெங்களூருவும் சேர்ந்தது. கொரோனாவில் நின்றது, 2022-இல் தொடங்கியது, 2024 மார்ச் இறுதியில் திரும்பவும் நின்றது. 2024 டிசம்பர் 20-ஆம் தேதி இண்டிகோ வந்தது.

இதைப் படிக்கிற உங்களில் பலர் பாண்டிச்சேரிக்குப் போயிருப்பீர்கள். விமானத்தில் எத்தனை பேர் போனீர்கள்? அதேதான்.

நான் கருங்குழிக்காரன். மதுராந்தகத்துக்குப் பக்கத்துப் பேரூராட்சி. (வள்ளலார் தண்ணீரில் விளக்கெரித்ததாகச் சொல்லப்படும் கருங்குழி வேறு. அது வடலூர் பக்கம், நெய்வேலி விமான தளத்துக்கு அருகில். அந்தத் தளத்தைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.) எங்கள் ஊர் எப்போதுமே வழியில் இருக்கிற ஊர். ஹைதர் அலி காலத்துச் சண்டைகளைப் பற்றிய ஆங்கிலக் குறிப்புகளில் கரங்கூலி என்று ஒரு கோட்டை வரும், அது நாங்கள்தான். தெற்கே போகிற படை எதுவாக இருந்தாலும் இந்த வழியாகத்தான் போக வேண்டும். பிறகு ரயில் வந்தது. ஸ்டேஷன் கொடுத்தார்கள், எக்ஸ்பிரஸ் நிற்காது. பிறகு ஜி.எஸ்.டி. ரோடு நான்கு வழியானது. வடக்கே மீனம்பாக்கம் அறுபது கிலோமீட்டர் சொச்சம், தெற்கே லாஸ்பேட்டை எண்பது கிலோமீட்டர் சொச்சம். ஆக, இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறேன். பெங்களூருவில் வேலை பார்க்கிறவனுக்கு இது வெறும் பூகோளம் இல்லை, வெள்ளிக்கிழமை ராத்திரி எத்தனை மணிக்கு வீட்டில் சாப்பிடுவேன் என்கிற கேள்வி.

ஒரு மலிவு விலை விமான நிறுவனம் லாஸ்பேட்டை மாதிரி நடுத்தர ஊர் விமான நிலையத்துக்கு வரலாமா? வந்தால் நிற்குமா? இதை நான் முதலில் ஒரு பொறியாளனாக எக்ஸெல் தாளில் போட்டுப் பார்த்தேன். விடை கிடைத்தது எங்கள் பெரியப்பாவிடம். அவர் அரசு விரைவுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். திருவள்ளுவர் போக்குவரத்துக் கழகம் என்று பெயர் இருந்த காலத்து ஆள்.

"எத்தினி சீட்டு அதுல?" என்று கேட்டார்.

"எழுபத்தெட்டு, பெரியப்பா."

"அப்ப ஒன்றரை பஸ்ஸு. அவ்ளோதானே?"

அவ்வளவுதான். புதுச்சேரிக்கு ஸ்பைஸ்ஜெட் ஓட்டிய கியூ400, இப்போது இண்டிகோ ஓட்டும் ஏ.டி.ஆர். 72, இரண்டுக்கும் 78 இருக்கைதான். முக்கால்வாசி நிறைந்தால் அறுபது பேர். ஒரு நாளைக்கு ஒரு முறை அறுபது பேரை பெங்களூருவிலிருந்து புதுச்சேரிக்குக் கொண்டுவருவது பெரிய காரியமே இல்லை என்று தோன்றும். ஆனாலும் முப்பத்தைந்து ஆண்டுகளாக யாராலும் அதை நிலையாகச் செய்ய முடியவில்லை. ஏன்?

வாயுதூத்திலிருந்து தொடங்கலாம். 1981 ஜனவரியில், வடகிழக்கு மாநிலங்களை இணைப்பதற்காக ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் சேர்ந்து ஆரம்பித்த நிறுவனம். பிறகு அது இந்தியா முழுக்கச் சின்ன ஊர்களைத் தேடிப் பரவியது. தமிழ்நாட்டில் நெய்வேலிக்குப் போனது, தஞ்சாவூருக்குப் போனது. 19 பேர் உட்காரும் டோர்னியர் விமானங்கள். ஒரு ஊருக்கு விமானம் விடுவது என்பது அப்போது எம்.பி.க்கள் கேட்டு வாங்குகிற விஷயம், ரயில் நிறுத்தம் கேட்பது மாதிரி. நஷ்டம் ஏறியது, 1993-இல் அதை இந்தியன் ஏர்லைன்ஸோடு சேர்க்க முடிவானது. வாயுதூத்தை இன்று கிண்டலடிப்பது சுலபம். ஆனால் அது கேட்ட கேள்வி தப்பில்லை: பெரிய நகரத்தில் இல்லாதவனுக்கு வானம் கிடையாதா?

அதே கேள்வியை வியாபாரமாகக் கேட்டவர் கேப்டன் கோபிநாத். 'சூரரைப் போற்று' பார்த்தவர்களுக்குத் தெரியும். அவருடைய தன்வரலாற்றைத் தழுவித்தான் அந்தப் படம். படத்தில் மாறா சோழவந்தான்காரர். நிஜத்தில் கோபிநாத் கர்நாடகத்தின் கோரூர். ஏர் டெக்கான் 2003 ஆகஸ்டில் ஏ.டி.ஆர். விமானங்களோடு தொடங்கியது. படம் ஒரு ரூபாய் டிக்கெட்டையும் வில்லனையும் காட்டுகிறது, சரி, சினிமா. எனக்குச் சுவாரசியமானது படத்தில் வர முடியாத ஒரு விஷயம்: விற்பனை வரி. இந்தியாவில் விமான எரிபொருளுக்கு மாநிலங்கள் போடும் வரி கடுமையானது. தமிழ்நாட்டில் நெடுங்காலம் 29 சதவீதம். நம் நாட்டு விமான நிறுவனங்களின் செலவில் எரிபொருளே ஏறக்குறைய நாற்பது சதவீதம் என்பதால் இது கழுத்தை நெரிக்கும். ஆனால் சிறிய டர்போப்ராப் விமானங்களுக்கு ஊற்றும் எரிபொருளை மத்திய விற்பனை வரிச் சட்டத்தில் தனிப் பட்டியலில் சேர்த்தார்கள். அதற்கு மாநிலங்கள் 2011 வரை 4 சதவீதத்துக்கு மேல், பிறகு 5 சதவீதத்துக்கு மேல் போட முடியாது. கூடவே, 80 இருக்கைக்குக் கீழ் உள்ள உள்நாட்டு விமானங்களுக்குத் தரையிறங்கும் கட்டணமும் விலக்கு. 78 இருக்கையின் மகிமை இப்போது புரிகிறதா? சின்ன ஊர் விமானம் என்பது இந்த இரண்டு சலுகைகளின் மேல் நிற்கிற வீடு.

ஏர் டெக்கான் 2006-இல் தூத்துக்குடிக்கு வந்தது. 2007-இல் விஜய் மல்லையா உள்ளே வந்தார், அடுத்த ஆண்டு ஏர் டெக்கான் கிங்ஃபிஷர் ரெட் ஆனது. கிங்ஃபிஷர் 2009 நவம்பரில் சேலத்துக்கு விமானம் விட்டது, 2011-இல் நிறுத்தியது, 2012-இல் நிறுவனமே நின்றது. சேலத்தின் கதையும் லாஸ்பேட்டை மாதிரிதான். ஓமலூர் பக்கம் கமலாபுரத்தில் 1993-இல் திறந்தார்கள். சென்னையில் காற்றாலைத் தொழில் செய்த குழுமத்தின் என்.இ.பி.சி. ஏர்லைன்ஸ் கொஞ்ச காலம் ஓட்டியது. பிறகு பதினைந்து வருடம் போல ஓடுபாதை சும்மா கிடந்தது. கிங்ஃபிஷருக்குப் பிறகு மறுபடி சும்மா. 2018 மார்ச்சில் ட்ரூஜெட், 2021-இல் அதுவும் இல்லை. 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏரும் இண்டிகோவும்.

இந்தத் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தபோது எனக்கு ஒன்று உறுத்தியது. பெரும்பாலான தடவை, விமானம் நின்றதற்கு ஊர் காரணமில்லை. வாயுதூத் நாடு முழுக்க நொடித்தது. என்.இ.பி.சி. நொடித்தது. கிங்ஃபிஷர் நொடித்தது. ட்ரூஜெட் நொடித்தது. ஆனால் ஊரில் மிஞ்சுவது "சேலத்துக்கு ஃப்ளைட் ஓடாதுப்பா" என்கிற பேச்சுதான். நிறுவனத்தின் கடன் ஊரின் கணக்கில் எழுதப்படுகிறது.

பெரியப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் தன் அனுபவத்திலிருந்து பதில் சொன்னார். புது ரூட்டில் வண்டி விட்டால் முதல் ஆறு மாதம் கலெக்‌ஷன் பார்க்கக் கூடாதாம். "வண்டி காலியாதான் போவும். ஆனா அஞ்சே முக்காலுன்னா அஞ்சே முக்காலுக்கு எடுக்கணும். ஒரு நாளு இல்லன்னு ஆச்சு, மறுநா ஸ்டாப்பிங்ல நின்னவன் வேற வண்டி பாத்துக்குவான். அப்புறம் நீ பூ போட்டுக் கூப்ட்டாலும் வரமாட்டான்."

மலிவு விலை விமானம் என்கிற யோசனையே ஏறக்குறைய இந்தக் கண்டக்டர் ஞானம்தான். சவுத்வெஸ்ட் 1971-இல் டெக்சாஸில் டல்லாஸ், ஹூஸ்டன், சான் அன்டோனியோ என்று மூன்று ஊர்களுக்குள் தொடங்கியது. அடுத்த ஆண்டே பணமில்லை, இருந்த நான்கு விமானங்களில் ஒன்றை விற்க வேண்டி வந்தது. சாதாரணமாக என்ன செய்வார்கள்? நான்கில் ஒரு பங்கு சேவையைக் குறைப்பார்கள். அவர்கள் கால அட்டவணையைத் தொடவில்லை. மூன்று விமானத்தை வைத்து நான்கு விமானத்தின் வேலையைச் செய்தார்கள். அதற்காகத் தரையில் நிற்கும் நேரத்தைப் பத்து நிமிடமாகக் குறைத்தார்கள். பின்னால் வந்த ரயன்ஏர், இண்டிகோ எல்லாம் படித்த பாடம் அந்தப் பத்து நிமிடத்தில் இருக்கிறது. நாம் மலிவு என்றாலே தண்ணீர் பாட்டிலுக்குக் காசு வாங்குவது என்று நினைக்கிறோம். விமானம் தரையில் சும்மா நிற்கக் கூடாது என்பதுதான் விஷயம்.

சின்ன ஊர் விமான நிலையம் இந்த இடத்தில்தான் இடிக்கிறது. இண்டிகோவின் ஏ320 வகையில் 180 பேருக்கு மேல் ஏறுவார்கள். லாஸ்பேட்டை ஓடுபாதை 1,500 மீட்டர், சேலம் சுமார் 1,800 மீட்டர். அந்த விமானத்தைக் கொண்டுவந்து லாபகரமாக ஏற்றி இறக்க இது போதாது. அதனால் தனியாக ஒரு ஏ.டி.ஆர். கூட்டத்தை வைத்துக்கொள்ள வேண்டும். தனி விமானிகள், தனி பராமரிப்பு. இண்டிகோ 2017-இல் இதைச் செய்தது, நிறைய விமானம் இருக்கிறவர்களுக்குக் கட்டுப்படியாகும். ஐந்து விமானம் வைத்திருக்கிற நிறுவனத்துக்கு ஒரு விமானம் பழுதானால் ஐந்தில் ஒரு பங்கு நாடு படுத்துவிடும். முதலில் வெட்டப்படுவது சேலமாகவோ புதுச்சேரியாகவோதான் இருக்கும், பெங்களூருவாக இருக்காது.

சரி, அரசாங்கம் என்ன செய்தது? 2016 அக்டோபரில் உடான் திட்டத்தை அறிவித்தார்கள். ஒரு மணி நேரப் பயணத்துக்குப் பாதி இருக்கைகள் 2,500 ரூபாய்க்குள். நஷ்டத்தை மூன்று ஆண்டுகளுக்கு அரசு ஈடுகட்டும், அதில் ஐந்தில் ஒரு பங்கை மாநிலம் தரும். அந்த வழித்தடத்தில் மூன்று ஆண்டு தனியுரிமை. எரிபொருள் வரி 1 சதவீதம். காகிதத்தில் நன்றாகத்தான் இருந்தது. 2023 ஆகஸ்டில் சி.ஏ.ஜி. அறிக்கை வந்தது: முதல் மூன்று சுற்றுகளில் கொடுக்கப்பட்ட 774 வழித்தடங்களில் தொடங்கியது 371. மூன்று ஆண்டை முழுசாக முடித்தது 112. அதற்குப் பிறகும், 2023 மார்ச் நிலவரப்படி, ஓடிக்கொண்டிருந்தது 54.

774-க்கு 54. என் வேலையில் ஒரு மென்பொருள் இப்படி நடந்துகொண்டால் அதைப் பிழை என்று சொல்ல மாட்டோம், வடிவமைப்பே அப்படி என்போம். மானியம் கொடுத்தது காலி இருக்கைக்கு. நேரத்துக்கு யாரும் கொடுக்கவில்லை. காலை ஆறரைக்குக் கிளம்பி ராத்திரி எட்டுக்குத் திரும்பும் விமானத்துக்கும், நடுப்பகலில் எங்கோ மிச்சமிருக்கும் நேரத்தில் வந்து போகும் விமானத்துக்கும் ஒரே மாதிரிக் கணக்குதான். இண்டிகோ புதுச்சேரிக்கு வந்தபோது அறிவித்த அட்டவணையைப் பாருங்கள்: முற்பகலில் பெங்களூருவிலிருந்து கிளம்பி புதுச்சேரி, அங்கிருந்து ஹைதராபாத், திரும்ப புதுச்சேரி, மாலை பெங்களூரு. ஒரே விமானத்தின் பகல்பொழுது. ஆரோவில்லுக்கு வருகிறவர்களுக்கு அருமை. வெள்ளிக்கிழமை வேலை முடித்து ஊருக்கு வருகிறவனுக்கோ, காலையில் போய் ஒரு கூட்டத்தை முடித்து ராத்திரி திரும்புகிறவனுக்கோ எந்தப் பயனும் இல்லை. டிக்கெட் ஆயிரம் ரூபாய் குறைந்தாலும் நான் அதில் ஏற முடியாது, ஏனென்றால் அப்போது நான் அலுவலகத்தில் இருப்பேன்.

நெய்வேலிக்கு வருகிறேன், சொன்னேனல்லவா. உடான் பட்டியலில் நெய்வேலியும் வேலூரும் இருக்கின்றன. இரண்டு இடத்திலும் செலவு செய்து சீரமைத்திருக்கிறார்கள். இதை எழுதும்வரை இரண்டிலிருந்தும் பயணிகள் விமானம் கிளம்பவில்லை. இங்கேதான் கருங்குழியில் நின்று பார்ப்பது உதவும். எங்கள் ஊர் ரோட்டோரம் ஒரு மணி நேரம் நின்றால் தெற்கே போகிற பேருந்துகளை எண்ணி முடியாது. பரனூரில் ஒரு சுங்கச்சாவடி, ஆத்தூரில் ஒரு சுங்கச்சாவடி, கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 இறுதியில் திறந்த பிறகு சென்னை இன்னும் எங்கள் பக்கம் நகர்ந்துவிட்டது. சென்னையிலிருந்து வேலூர் 140 கிலோமீட்டர், புதுச்சேரி 150, நெய்வேலி 200 போல. இந்தத் தூரத்தில் விமானத்தின் போட்டியாளர் இன்னொரு விமானம் இல்லை, பத்து நிமிடத்துக்கு ஒன்று வரும் பேருந்து. அதைத் தவறவிட்டால் அடுத்தது வரும். விமானத்தைத் தவறவிட்டால் நாளைதான். சேலம் 340 கிலோமீட்டர். அங்கே சென்னை விமானத்துக்கு ஒரு நியாயம் உண்டு. தூத்துக்குடி 600 கிலோமீட்டர். அதனால்தான் வாகைக்குளம் தமிழ்நாட்டின் சின்ன விமான நிலையங்களில் உருப்படியாக வளர்ந்தது, ஓடுபாதையை மூன்று கிலோமீட்டருக்கு நீட்டி 2025 ஜூலையில் புது முனையமும் திறக்கும் அளவுக்கு.

புதுச்சேரிக்கு அப்படியானால் வழியே இல்லையா? உண்டு. முதலில் சென்னையை மறக்க வேண்டும். பெங்களூரு 310 கிலோமீட்டர், ஹைதராபாத் அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். இந்த இரண்டு திசைதான் புதுச்சேரியின் வானம். வந்த நிறுவனங்கள் எல்லாம் திசையைச் சரியாகத்தான் தேர்ந்தெடுத்தன. நேரமும் தொடர்ச்சியும்தான் கிடைக்கவில்லை.

சிலருக்கு வேறு ஒரு கனவு இருக்கிறது. பெல்ஜியத்தில் ஷார்லெருவா என்று ஒரு பழைய நிலக்கரி ஊர், பிரஸ்ஸல்ஸுக்குத் தெற்கே ஐம்பது கிலோமீட்டருக்குள். 2001-இல் ரயன்ஏர் அங்கே தளம் அமைத்தது. வாலோனிய அரசு தரையிறங்கும் கட்டணத்தைக் குறைத்தது, இன்னும் பல சலுகைகள் கொடுத்தது. 2004-இல் ஐரோப்பிய ஆணையம் இதைச் சட்டவிரோத அரசு உதவி என்றது. 2008-இல் நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்தது. வழக்கு ஒரு பக்கம் நடக்க, ஊருக்கு வருடத்துக்கு எண்பது லட்சம் பயணிகள் வர ஆரம்பித்தார்கள், கொரோனாவுக்கு முன். புதுச்சேரியைச் சென்னையின் ஷார்லெருவா ஆக்கலாம், ஓடுபாதையை நீட்டினால் பெரிய ஜெட் வரும் என்கிறார்கள். நீட்ட வேண்டிய நிலத்தில் ஒரு பகுதி தமிழ்நாட்டு எல்லைக்குள், விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. இந்தப் பேச்சுவார்த்தை இரண்டு அரசுகளுக்கும் நடுவில் ஆண்டுக்கணக்காக ஓடுகிறது.

எனக்கு இதில் சம்மதமில்லை. நிலத்தைப் பற்றி எங்கள் பக்கத்தில் கொஞ்சம் தெரியும். சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்குப் பார்த்த நான்கு இடங்களில் ஒன்று படாளம். எங்கள் ஊருக்கு அடுத்தது. சர்க்கரை ஆலை இருக்கிற ஊர், சுற்றிலும் கரும்பும் நெல்லும் ஏரியும். திருப்போரூரும் படாளமும் கழிந்து, பன்னூரும் பரந்தூரும் மிஞ்சி, 2022 ஆகஸ்டில் பரந்தூர் என்று அறிவித்தார்கள். ஏகனாபுரத்தில் அன்றிலிருந்து போராடுகிறார்கள். பட்டியலில் ஒரு வரி மாறியிருந்தால் அந்தப் பந்தலில் எங்கள் ஊர்க்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். சென்னைக்காவது நெரிசல் நிஜம். ஒன்றரைப் பேருந்தையே நிரப்பிக் காட்டாத வழித்தடத்துக்காக வயலின் மேல் இரண்டாவது கிலோமீட்டர் ஓடுபாதை போடுவது, கூட்டம் வருமா என்று தெரியாமல் கல்யாண மண்டபம் கட்டுவது போல. 1,500 மீட்டர் ஏ.டி.ஆருக்குப் போதும்.

அந்தப் பணத்தை வேறு மாதிரிச் செலவழிக்கலாம் என்பது என் கட்சி. மலிவு விலை நிறுவனம் புதுச்சேரிக்கு வரட்டும், இண்டிகோவே இருக்கட்டும். ஆனால் அரசு உதவி செய்வதென்றால் காலி இருக்கைக்குக் கொடுக்க வேண்டாம். ஒரு விமானம் ராத்திரி லாஸ்பேட்டையில் தங்கி, காலையில் பெங்களூருவுக்குக் கிளம்பி, இரவில் திரும்புவதற்குக் கொடுக்கட்டும். நேரம் தவறினால் அன்றைய காசு கிடையாது. ரத்து செய்தால் இரண்டு நாள் காசு கிடையாது. மூன்று ஆண்டுக்குப் பதில் ஐந்து ஆண்டு. ராத்திரி தங்கும் விமானத்துக்கு விளக்கும் ஆட்களும் கூடுதல் நேரமும் வேண்டும், செலவுதான். நிலம் எடுப்பதோடு ஒப்பிட்டால் சில்லறை. நிறுவனம் ஒப்புக்கொள்ளாது என்பார்கள், பெங்களூருவில் காலை ஏழு மணி அவர்களுக்குத் தங்கம், அந்த நேரத்து விமானத்தை லாஸ்பேட்டைக்கு எழுதிக் கொடுக்க மாட்டார்கள் என்று. அந்தத் தங்கத்துக்குத்தான் விலை பேசச் சொல்கிறேன்.

பெரியப்பாவுக்கு இந்தத் திட்டத்தில் ஒரே ஒரு ஆட்சேபம். லாஸ்பேட்டையில் இறங்கி கருங்குழிக்கு எப்படி வருவேன் என்று கேட்டார். புது பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ, அங்கிருந்து திண்டிவனம் வழியாகச் சென்னை வண்டி, மதுராந்தகத்தில் இறங்கணும் என்றேன். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் மதுராந்தகம் ஊருக்குள் எந்த வண்டியும் வராது, பைபாஸிலேயே இறக்கிவிடுவான், யாராவது பைக் எடுத்துக்கொண்டு வர வேண்டும் என்றார்.